பிள்ளையாருக்குக் கடலை: ஓர் அசைவூட்ட அங்கதமும் மலாக்காத் தமிழர் நோக்கும்

நகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கனைக் கூறும் தொல்காப்பியர், அவற்றுள் எள்ளலையும் பேதைமையையும் தனித்தனியே வைத்துள்ளார். மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த பேராசிரியர் எள்ளலை மேலும் இரு திசைகளில் விரித்துரைப்பார். பிறரைத் தான் இகழ்ந்து சிரிப்பது ஒன்று. தன்னைப் பிறர் இகழும்பொழுது தானே சிரித்துக்கொள்வது மற்றொன்று. சமயத்தையோ வட்டாரப் பண்பாட்டையோ கேலி செய்யும் ஒரு படைப்பு வெளிவந்தவுடன் எழும் வாதங்கள் பெரும்பாலும் இந்த வேறுபாடுகளைக் கருதுவதில்லை. 'எங்கள் மனம் புண்பட்டது' என்பார் ஒரு சாரார். 'வெறும் நகைச்சுவைதானே' என்பார் மறுசாரார். எவர் சிரிக்கிறார், எவரை நோக்கிச் சிரிக்கிறார், எந்த இடத்தில் நின்று சிரிக்கிறார் என்னும் வினாக்கள் அப்படியே நின்றுவிடுகின்றன.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்றதொரு பனுவலாக 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் அமெரிக்க அசைவூட்ட நகைச்சுவைத் தொடரின் சில பகுதிகள் அமைந்துள்ளன. 1989ஆம் ஆண்டின் இறுதியில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடரில், 1990ஆம் ஆண்டு முதல் இடம்பெற்றவர் அப்பு நஹாசபீமபெட்டிலோன் என்னும் மளிகைக் கடைக்காரர். 'அப்பு' என்றதும் தமிழருக்கு நினைவுக்கு வருவது வீட்டில் வழங்கும் செல்லப் பெயரே. படைத்தவர்கள் எண்ணியதோ சத்யஜித் ராயின் வங்காளத் திரைப்படங்களின் நாயகனை. குடும்பப் பெயர் எந்த இந்திய மொழியிலும் பொருள் தராதது. அதன் நீளமே அதன் நகைச்சுவை.

ஒரு நிலக்கடலையின் பொருள்

1992 அக்டோபர் 8ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியின் கதை எளியது. குளிர் மிகுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று குடும்பத் தலைவன் ஹோமர் தேவாலயம் செல்ல மறுத்து வீட்டிலேயே தங்கிவிடுகிறான். அந்நாள் அவனுக்கு இன்பமாகக் கழிகிறது. கனவில் கடவுளே தோன்றி அவன் கூறும் காரணத்தை ஏற்றுக்கொள்கிறார். ஹோமர் தனக்கென ஒரு மதத்தை வகுத்துக்கொள்கிறான். பின்னர்ச் சுருட்டுடன் உறங்கிப்போக வீடு தீப்பற்றுகிறது. அவனைக் காப்பாற்றுபவர் பக்தி மிக்க அண்டை வீட்டுக்காரர். தீயணைக்க வந்த தொண்டர்களுள் யூதரான கோமாளி ஒருவரும் அப்புவும் இருக்கின்றனர்.

இப்பகுதியில் இந்து சமயம் தலைகாட்டும் இடங்கள் இரண்டே. முதலாவது, அப்புவின் கடையில் உள்ள பிள்ளையார் திருவுருவத்தைக் கண்ட ஹோமர் அதற்கு ஒரு நிலக்கடலையை நீட்டுவதும், அப்பு அதைத் தடுப்பதுமாகிய காட்சி. விலங்குக் காட்சிசாலை யானைக்குக் கடலை கொடுக்கும் அமெரிக்கப் பழக்கமே இச்சிரிப்பின் அடிப்படை. இங்கே நகைக்குரியவன் யார்? ஐயத்திற்கிடமின்றி ஹோமர்தான். தெய்வத்தையும் காட்சிசாலை விலங்கையும் பிரித்தறியாத அவனுடைய பேதைமையே நகைப்பொருள். பிள்ளையார் இங்கு எள்ளப்படவில்லை.

ஆயினும் தமிழ் நோக்கர் இக்காட்சியில் மேலும் ஒரு படியைக் காண இயலும். அவலும் பொரியும் கடலையும் பிள்ளையாருக்கு நாம் படைப்பவை. நம் படையலில் உள்ளது கொண்டைக்கடலை என்பது உண்மையே. ஆனால் வேர்க்கடலைச் சுண்டல் படைக்கும் வீடுகளும் உள. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அப்பயறு எந்தச் சடங்குத் தடையுமின்றி நம் நிவேதனத்தட்டில் இடம்பெற்றுவிட்டது. அறியாமையால் ஹோமர் செய்தது ஏறக்குறையச் சரியான செயல். அறிந்தவர் என்று காட்டப்படும் அப்புவே அதைத் தடுக்கிறார். கதை எழுதியோர் இந்த முரணை எண்ணியிருக்க வாய்ப்பில்லை. தெய்வத்தைக் காக்க அவர்கள் படைத்த பாத்திரத்திற்கு அத்தெய்வத்தின் பூசைமுறை தெரியவில்லை என்பதே இதன் உட்கிடை.

இரண்டாவது இடம் இதனினும் ஆழமானது. தீ அணைந்தபின், இறைவன் மனிதர்களின் உள்ளங்களின் வழியாகவே செயற்பட்டான் என்று பாதிரியார் ஹோமருக்கு விளக்குகிறார். அம்மனிதர்களைக் கிறித்துவர் என்றும் யூதர் என்றும் வரிசைப்படுத்தி வருபவர், அப்புவைச் சுட்டும்போது 'இதர வகை' என்னும் பொருள்படும் ஒரு சொல்லால் முடித்துவிடுகிறார். தான் இந்து என்றும் தம்மவர் எழுபது கோடிப் பேர் என்றும் அப்பு எடுத்துரைக்க, பாதிரியார் குழந்தையைப் பாராட்டுவதுபோல் ஒரு சொல் கூறி அப்பால் செல்கிறார். தொடரின் மிகச் சிறந்த அங்கதங்களுள் இதுவும் ஒன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் பகுக்கும் நம் இலக்கண மரபின்படி இது பழிகரப்பின்பாற்படும். பழிக்கப்படுவது இந்து சமயமன்று. தன் சமயத்தை மட்டும் பெயரிட்டு அறிந்து, உலகின் பெரும்பகுதியைப் பெயரிடாமலே விட்டுவிடும் பெரும்பான்மை மனநிலையே இங்குக் கரந்து பழிக்கப்படுகிறது.

மலேசியாவில் படிவம் நிரப்பிய எவருக்கும் அக்காட்சி அயலானதாகத் தோன்றாது. இனம் என்ற இடத்தில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எழுதி இறுதியில் 'லாயின்-லாயின்' என்று ஒரு கட்டம் வைத்திருப்பார்கள். எண்ணிக்கையில் எத்தனை பேராயினும் கட்டம் ஒன்றே.

யானைமுகம் அணிந்த ஹோமர்

1997 நவம்பர் 16ஆம் நாள் ஒளிபரப்பான பகுதி அப்புவின் திருமணத்தைப் பற்றியது. பெற்றோர் நிச்சயித்த மணத்தைத் தவிர்க்க எண்ணும் அப்பு, தனக்கு மணமாகிவிட்டதெனத் தாயிடம் பொய் கூறி, ஹோமரின் மனைவியைத் தன் மனைவியாக நடிக்க வைக்கிறார். பொய் வெளிப்படுகிறது. ஹோமர் வீட்டின் பின்புற முற்றத்தில் திருமணம் ஏற்பாடாகிறது. அதைத் தடுக்கும் நோக்கில் ஹோமர் விநாயகராக வேடமிட்டு மணப்பந்தலில் தோன்ற, விருந்தினர் ஒருவர் அவ்வேடத்தை நம்பாது அவனை மரத்தின்மேல் ஏறும்வரை துரத்துகிறார். மணமகள் மஞ்சுளாவின் நகைச்சுவை உணர்வில் மனம் கவரப்பட்ட அப்புவோ திருமணத்திற்கு இசைந்துவிடுகிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் முந்தைய பகுதியைவிட இதுவே சமய நிந்தனைக்கு அணுக்கமானது. ஆனால் தெய்வ வேடம் இங்கே நம்பப்படவில்லை என்பதைக் கருத வேண்டும். போலியை அடியவர் கண்டுகொள்கின்றனர். தெய்வத்தை ஏசியும் பழித்தும் பாடிய ஒரு மரபு நமக்கு உண்டு. சுந்தரர் வன்தொண்டர் என்றே பெயர் பெற்றார். காளமேகம் நிந்தாஸ்துதியைத் தம் தனி வழியாக்கிக்கொண்டார். இவற்றில் பழகிய செவிக்கு யானைமுகம் அணிந்த ஒரு கோமாளி பெரிய அதிர்ச்சி தருவதில்லை. அவர்கள் உள்ளே நின்று பழித்தனர், இவர்கள் வெளியே நின்று பழிக்கின்றனர் என்ற வேறுபாடு உண்மையே. எனினும் இப்பகுதியின் குறை சமயக் கேலியில் இல்லை. வங்காளப் பெயருடையவனுக்கு நடக்கும் இத்திருமணத்தில் எந்த வட்டாரத்தின் சடங்கும் இல்லை என்பதே குறை. நிச்சயித்த மணம், கண்டிப்பான தாய், யானைமுகக் கடவுள் ஆகிய மூன்றையும் சேர்த்தால் 'இந்தியா' கிடைத்துவிடும் என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது. வட்டாரப் பண்பாட்டைக் கேலி செய்ய முதலில் ஒரு வட்டாரம் வேண்டுமல்லவா?

குரலின் சிக்கலும் இதனோடு தொடர்புடையது. அப்புவுக்குக் குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா என்னும் அமெரிக்க நடிகர். 1968ஆம் ஆண்டின் 'தி பார்ட்டி' திரைப்படத்தில் ஆங்கில நடிகர் பீட்டர் செல்லர்ஸ் ஏற்ற இந்தியப் பாத்திரம் தமக்கு முன்மாதிரிகளுள் ஒன்றாக இருந்ததென அவரே கூறியுள்ளார். போலியின் போலி என்று இதனைக் கூறலாம். ஹரி கொண்டபோலு என்னும் இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆவணப்படம், அக்குரல் அமெரிக்கப் பள்ளிகளில் இந்தியப் பிள்ளைகளைக் கேலி செய்யும் கருவியாக மாறியதை எடுத்துக்காட்டியது. 2018ஆம் ஆண்டு தொடரிலேயே தரப்பட்ட விடை, முன்பு எவரையும் புண்படுத்தாததாகப் போற்றப்பட்டது இன்று தவறாகிவிட்டால் என்ன செய்வது என்று தோளைக் குலுக்குவதாகவே இருந்தது. 2020ஆம் ஆண்டு அசாரியா அப்பாத்திரத்திற்குக் குரல் கொடுப்பதிலிருந்து விலகினார். அதன்பின் அப்பு பின்னணியில் வாய்பேசாது நிற்கும் உருவமாகிவிட்டார். தவறான குரலுக்கு மாற்று, சரியான குரலாக அன்றி மௌனமாக அமைந்ததை வெற்றியாகக் கருத இக்கட்டுரையாளரால் இயலவில்லை.

கலப்பும் வரலாறும்

அப்புவை விமர்சிப்போர் பலர் முன்வைக்கும் வாதம், இப்படியொரு கலவையான இந்தியர் எங்கும் இல்லை என்பது. மலாக்காவில் வாழும் தமிழாசிரியர் ஒருவர் இவ்வாதத்தை அப்படியே ஏற்பது அரிது.

மலாக்கா நகரின் ஜாலான் துக்காங் எமாசில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், டச்சுக்காரர் வழங்கிய நிலத்தில் 1781ஆம் ஆண்டு எழுந்தது. அதை எழுப்பியவர்கள் மலாக்காச் செட்டிகள். மலாக்கா சுல்தானகக் காலத்தில் வணிகத்திற்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு இவர்களை ஒன்றெனக் கொள்ளும் பிழை நம்மவர் எழுத்துகளிலும் அடிக்கடி காணப்படுகிறது. அப்புவின் ஆசிரியர்களைக் குறை கூறுமுன் நம் பாடநூல்களையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.) இவர்கள் வீட்டுமொழி மலாய், பெண்டிர் உடை சாரோங் கெபாயா, பெயர்களிலோ பிள்ளை, படையாச்சி முதலிய பட்டங்கள் நிலைத்துள்ளன, சமயம் சைவம். கஜா பெராங்கில் உள்ள இவர்களது ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயத் திருவிழாவுக்கு வழங்கும் பெயர் 'டத்தோ சாச்சார்'. சாச்சார் என்பது அம்மை நோயைக் குறிக்கும் மலாய்ச் சொல். மாரியம்மன் திருவிழாவின் பெயரிலேயே மலாய் மரியாதைச் சொல் ஒன்று ஏறி அமர்ந்துவிட்டது. முன்னோர்க்குப் படைக்கும் சடங்கைப் 'பார்ச்சு' என்பர்.

தொலைதூர நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் ஒருவர், சாரோங் அணிந்து மலாய் பேசி மாரியம்மன் திருவிழாவைச் சாச்சார் என்றழைக்கும் ஓர் இந்துப் பெண்ணை வரைந்திருந்தால் நாம் என்ன கூறியிருப்போம்? அறியாமை, அவமதிப்பு, கலப்படம் என்று கண்டன அறிக்கை விட்டிருப்போம். அப்பெண்ணோ கஜா பெராங்கில் வாழ்கிறாள். ஆகவே கலப்பு என்பது தன்னளவில் பொய்மைக்குச் சான்றாகாது. செட்டிகளின் கலப்பின் ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு கப்பல், ஒரு திருமணம், ஒரு நோய், ஒரு நிலக்கொடை பின்னணியாக உள்ளது. அப்புவின் கலப்புக்குப் பின்னணியாக இருப்பது எழுத்தாளர் அறை ஒன்றே.

இதே வாதத்தைத் தோட்டங்களுக்கும் நீட்டலாம். 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டதன் பின்னர், ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் குடியேறிய தமிழர்களின் தெய்வங்கள் மாரியம்மனும் முனீஸ்வரரும் மதுரைவீரனும். உலகளாவிய அங்கதம் எதிலும் இத்தெய்வங்களைக் காண்பதரிது. கேலிக்குத் தப்பினோம் என்று மகிழ்வதா, கேலி செய்யவும் எவரும் அறிந்திலர் என்று வருந்துவதா என்பது எண்ணத்தக்கது.

உள்நாட்டு அசைவூட்டத் தொடர்கள் வேறொரு வழியைத் தேர்ந்தன. 2007ஆம் ஆண்டு தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரில் வரும் அங்கிள் முத்து சிற்றுண்டிக் கடை நடத்துபவர். ராஜூ மாட்டோடு தோன்றும் சிறுவன். ஜர்ஜிட் சிங் பாந்துன் சொல்லும் சீக்கியச் சிறுவன். இவர்களை எவரும் இழிவுபடுத்துவதில்லை. அன்போடுதான் படைத்துள்ளனர். எனினும் அங்கிள் முத்துவின் பேச்சோசை நகைச்சுவைக்குப் பயன்படும்போது, பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளலே நம் வகுப்பறைகளில் நிகழ்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவர்களே அவ்வோசையைப் பாவனை செய்து சிரிக்கின்றனர். அதைக் கண்டிப்பதைவிட, அவ்வோசை எவ்வாறு உருவாயிற்று என்று விளக்குவது ஆசிரியருக்கு ஏற்புடையது. தமிழின் ஒலியமைப்பு மலாய்மொழியில் தன் தடத்தை எங்ஙனம் பதிக்கிறது என்பது நல்ல மொழியியல் பாடம்.

அவ்வாறே, பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கும் அதே தெருவில் 1748ஆம் ஆண்டின் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் உள்ளது. 'கிளிங்' என்பது கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரிலிருந்து வந்து, சுல்தானகக் கால மலாக்காவில் செல்வமும் மதிப்பும் பெற்றிருந்த தமிழ் வணிகரைக் குறித்த சொல். இன்று அதனை ஒரு தமிழ்ச் சிறுவன் காதில் கேட்டால் கைகலப்பில் முடியும். பள்ளிவாசலின் பெயர்ப்பலகையில் மரபுச் சின்னமாகவும், பள்ளித்திடலில் வசவாகவும் ஒரே சொல் வாழ்கிறது. சொல்லை அழிப்பதா வைத்திருப்பதா என்று மட்டும் வாதிடுவோர் இவ்விரு வாழ்க்கையையும் சேர்த்துப் படிக்க மறுக்கின்றனர். அப்புவைப் பற்றிய விவாதமும் இதே இடத்தில்தான் நின்றுபோனது.

இடைநிலைப்பள்ளி இலக்கிய வகுப்பில் அங்கதம் கற்பிக்க நேரும் ஆசிரியர்கள், 1992ஆம் ஆண்டுப் பகுதியின் அந்தக் கடலைக் காட்சியை மாணவர்க்குக் காட்டி, 'உங்கள் வீட்டில் பிள்ளையாருக்கு என்ன படைப்பீர்கள்?' என்று கேட்டுப் பார்க்கலாம். ஜாசின் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை ஒரு விடை தரும். மலாக்கா நகரத்துப் பிள்ளை மற்றொன்று தரும். வகுப்பில் கஜா பெராங் மாணவர் ஒருவர் இருந்துவிட்டால், அப்பண்டத்தின் பெயரை அவர் மலாயில்தான் கூறுவார்.