துணைவேந்தரின் பயணச் செலவு: விதிகள் கேட்காத கேள்வி

அரசுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர் டெல்லிக்குப் போய்த் திரும்பியதும் அவருடைய அலுவலகத்திலிருந்து நிதிப் பிரிவுக்கு ஒரு பயணப்படி (டி.ஏ.) பில் போகும். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், விமான எண், வகுப்பு, டிக்கெட் தொகை, விடுதி ரசீது, டாக்ஸி ரசீது, போர்டிங் பாஸ் என்று ஒவ்வொன்றுக்கும் அந்தப் படிவத்தில் இடம் உண்டு. பயணத்தின் நோக்கத்துக்கும் ஒரு சிறிய கட்டம் உண்டு. பெரும்பாலும் ‘கூட்டம்’, ‘கருத்தரங்கம்’, ‘அலுவல் நிமித்தம்’ என்று ஓரிரு சொற்களில் அது நிரம்பிவிடும். போர்டிங் பாஸ் இல்லாவிட்டால் பில் திரும்பி வரும். நோக்கத்தை இரண்டு சொல்லில் முடித்ததற்காக எந்த பில்லும் திரும்பி வருவதில்லை. நம் பயணச் செலவு விதிகள் எதில் கறாராக இருக்கின்றன, எதைக் கண்டுகொள்வதில்லை என்பதை அறிய இந்தத் தாளைப் பார்த்தாலே போதும்.

விதிகளின் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017 ஜூலையில் மத்திய அரசு வகுத்த பயணப்படி விதிகள்தான் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அடிப்படை. ஊதிய நிலை 14-உம் அதற்கு மேலும் உள்ளவர்கள் உள்நாட்டு விமானத்தில் பிசினஸ் வகுப்பில் போகலாம். விடுதி அறைக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையும் சாப்பாட்டுக்கு 1,200 ரூபாய் வரையும் பெறலாம் என்று 2017-இல் வரம்பு கட்டினார்கள். மாதம் 2,10,000 ரூபாய் நிலையான ஊதியம் பெறும் துணைவேந்தர் இந்த வரிசையில்தான் வருகிறார். அகவிலைப்படி 50 விழுக்காடு ஏறும்போது இந்த வரம்புகள் 25 விழுக்காடு உயரும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் தொகைகள் வேறுபட்டாலும், பதவியைப் பார்த்து வரம்பு கட்டும் முறை அதேதான்.

இப்படி எண்களாக எழுதிவைப்பதில் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. பிரிவு உதவியாளர் ஒருவர் துணைவேந்தரின் விடுதி பில்லில் சிவப்பு மையால் கோடிழுத்து, வரம்புக்கு மேற்பட்டதைக் கழிக்க முடிகிறதென்றால் அந்த எண்தான் அவருக்குத் துணை. ‘ஐயா, விதி இடம் கொடுக்கவில்லை’ என்று அவர் சொல்லலாம். அதைச் சொல்வதற்குத் தனியாகத் துணிச்சல் வேண்டியதில்லை. 2018-இல் பயணப்படி கோரும் கெடுவை ஓராண்டிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். பழைய ரசீதுகளைத் தேடியெடுத்து ஆண்டுக் கடைசியில் கணக்குக் காட்டும் பழக்கத்துக்கு அது தடை போட்டது. 2022 ஜூனில் வந்த உத்தரவு, கிடைப்பதில் மலிவான டிக்கெட்டையே எடுக்க வேண்டும், முடிந்தவரை 21 நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும், புறப்பட 72 மணி நேரம்கூட இல்லாதபோது பதிவு செய்தால் காரணம் எழுதித்தர வேண்டும் என்றது. விமானக் கட்டணம் கடைசி நேரத்தில் எப்படி ஏறும் என்பது தெரிந்தவர்கள் இதன் பயனை ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் இந்த வரம்புகள் பயணியின் பதவியை அளக்கின்றன. பயணத்தின் தேவையை அளப்பதில்லை. அதே 2017 விதியில் ஊதிய நிலை 5-உம் அதற்குக் கீழும் உள்ள ஊழியருக்கு விடுதி வரம்பு நாளொன்றுக்கு 450 ரூபாயாக இருந்தது. துணைவேந்தரின் கோப்புகளைச் சுமந்துகொண்டு அதே கூட்டத்துக்கு டெல்லி வரும் கடைநிலை ஊழியர் அந்தத் தொகைக்கு எங்கே தங்குவார்? தெரிந்தவர் வீட்டைத் தேடுவார், இல்லையென்றால் சொந்தப் பணத்தைப் போடுவார். இன்னொரு கணக்கும் உண்டு. நெட் தேர்வு வழி வரும் உதவித்தொகை பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய் தருகிறார்கள். அந்த ஒரு மாதத் தொகையும் 2017 விதியில் துணைவேந்தருக்கு இருந்த ஒரு நாள் அறை வரம்பும் ஏறக்குறைய ஒன்றே. துணைவேந்தர் 450 ரூபாய் அறையில் தங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மத்தியப் பல்கலைக்கழகத்தில் 70 வயது வரை அந்தப் பதவியில் இருக்கலாம். அந்த வயதில் இரவில் பறந்துவிட்டுக் காலையில் கூட்டத்தில் உட்கார வேண்டியவருக்கு வசதியான இருக்கை தேவைதான். ஆனால் அந்த வசதியைப் பதவிக்குரிய மரியாதையாக மட்டுமே விதி எழுதிவைத்திருப்பதால், காரணம் இருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் யார் என்று பார்த்தால் சிக்கல் இன்னும் பெரிது. உதவிப் பேராசிரியர் ஒருவர் மதுரையில் நடக்கும் கருத்தரங்குக்குப் போக வேண்டுமானால் துறைத் தலைவர், பதிவாளர் என்று படிப்படியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். துணைவேந்தரின் வெளிநாட்டுப் பயணத்துக்கு மத்திய அமைச்சகமோ வேந்தரோ அனுமதி தர வேண்டியிருக்கிறது. உள்நாட்டுப் பயணத்துக்கு? பல பல்கலைக்கழகங்களில் அவருக்கு அவரே கட்டுப்பாட்டு அலுவலர். போகலாம் என்று முடிவெடுப்பவரும் அவர், போனது சரி என்று கையெழுத்திடுபவரும் அவர். ஒவ்வொரு பில்லும் வரம்புக்குள் அடங்கும்; ஒவ்வொரு ரசீதும் உண்மையாகவே இருக்கும். ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்து, இத்தனை முறை தலைநகர் போனதால் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது என்ன என்று கேட்கும் நாற்காலி மட்டும் காலியாக இருக்கும்.

இந்தக் காலி நாற்காலியின் விலையை அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் அண்மையில் பார்த்தது. அரசு ஊழியர் வெளியூர் போனால் காலை உணவுக்கு 6 டாலர், மதியத்துக்கு 11, இரவுக்கு 19 என்று அம்மாநிலச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. கெய்ன்ஸ்வில் நகரில் உள்ள புளோரிடா பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தின் முன்னணி அரசுப் பல்கலைக்கழகம். அமெரிக்க செனட் உறுப்பினராக இருந்த பென் சாஸ் 2023 பிப்ரவரியில் அதன் தலைவரானார். மனைவியின் உடல்நிலையைக் காரணமாகச் சொல்லி 2024 ஜூலையில் பதவி விலகினார். அடுத்த மாதமே, மாணவர்கள் நடத்தும் ‘இண்டிபெண்டன்ட் புளோரிடா அலிகேட்டர்’ என்ற செய்தித்தாள் அவருடைய அலுவலகத்தின் கணக்கை வெளியிட்டது. முதல் ஆண்டில் தலைவர் அலுவலகம் செலவழித்தது 1 கோடியே 73 லட்சம் டாலர். முந்தைய தலைவரின் கடைசி ஆண்டில் அது 56 லட்சம். பயணத்துக்கு மட்டும் 6,33,000 டாலர். முந்தையவரின் ஆண்டுச் சராசரி 28,000. தவறான செலவு எதுவும் நடக்கவில்லை என்று சாஸ் மறுத்தார். தணிக்கை வேண்டும் என்று மாநில உயர் அலுவலர்களே கேட்டார்கள்.

அந்தப் பயணத் தொகை எப்படி ஏறியது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. சாஸ் கொண்டுவந்த உயர் அலுவலர்களில் சிலர் வேறு மாநிலங்களில் குடியிருந்தபடியே வேலை பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். வேலை கெய்ன்ஸ்வில்லில், வீடு தொலைவில் என்றால் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் செலவுதான். அந்த டிக்கெட்டுகளைத் தனித்தனியாக மேசையில் பரப்பினால் ஒன்றில்கூடக் குறை தெரியாமல் போகலாம். குறை இருந்தது டிக்கெட்டுக்கு முன்னால் எடுத்த முடிவில். பல்கலைக்கழகத்தின் துணைத்தலைவர் ஒருவர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் இருக்க வேண்டாமா என்று நியமனத்தின்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும். இரவு உணவுக்கு 19 டாலர் என்று காவல் வைத்த சட்டத்தால் அதைக் கேட்க முடியாது. இறுதியில் கேட்டவர்கள் மாணவர்கள். மாநிலத்தின் பொது ஆவணச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதற்குள் தலைவர் பதவியை விட்டுப் போயிருந்தார்.

பதவியில் இருந்தவர் போன பிறகு கணக்குக் கேட்பது நமக்கும் பழகிய கதை. தமிழக அரசுப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் பதவிக்காலம் மூன்று ஆண்டு. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை கணக்கைப் பார்த்து, ஆட்சேபணை எழுதி, அதற்குப் பல்கலைக்கழகம் விளக்கம் தந்து, மறுபடி கடிதம் போய் வருவதற்குள் அந்தக் காலம் ஓடிவிடும். பணத்தைத் திருப்பி வசூலிக்க வேண்டும் என்ற ஆட்சேபணை, அடுத்து வந்தவரின் மேசையில் பழைய கோப்பாகக் கிடக்கும். தணிக்கையாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் இருப்பது ரசீது. ரசீதும் விதியும் பொருந்துகின்றனவா என்று மட்டுமே அவர் பார்க்க முடியும்.

ரசீதே இல்லாத பயணத்தை அவர் எப்படிப் பார்ப்பார்? என் பார்வையில் இந்தப் பொருளில் மிகக் கவலைக்குரிய பகுதி இதுதான். ஏனோ இதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். இணைப்புக் கல்லூரிகள் உள்ள பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருக்கு, சொந்த எல்லைக்குள் போய்வர ஒரு ரூபாய்கூடச் செலவாகாத வாய்ப்புகள் நிறைய உண்டு. சுயநிதிக் கல்லூரி ஒன்றின் பட்டமளிப்பு விழா என்றால் கல்லூரியின் கார் வரும். நல்ல விடுதியில் அறை போட்டிருப்பார்கள். விருந்து, சால்வை, பழக்கூடை, சில சமயம் குடும்பத்தாருக்கும் உபசரிப்பு. பல்கலைக்கழகத்தின் கணக்கில் இந்தப் பயணத்தின் செலவு பூஜ்யம். சிக்கனம் என்று மட்டும் பார்த்தால் இதைவிடச் சிறந்த பயணம் கிடையாது. அதே கல்லூரி புதிய பாடப்பிரிவுக்கோ கூடுதல் இடங்களுக்கோ இணைப்பு நீட்டிப்புக்கோ அடுத்த மாதம் விண்ணப்பிக்கும். அந்தக் கோப்பு அதே துணைவேந்தரின் கையெழுத்துக்கு வரும்.

மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964, விதி 13 இதை ஓரளவு தொட்டிருக்கிறது. எப்போதோ ஒரு வேளை சாப்பிடுவதும் காரில் ஏறிக்கொள்வதும் பரிசாகாது என்கிறது. கூடவே, தன்னோடு அலுவல் தொடர்புள்ள நிறுவனங்களிடம் ஆடம்பரமான உபசரிப்பையும் அடிக்கடி கிடைக்கும் உபசரிப்பையும் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. நியாயமான கோடு. பல்கலைக்கழகச் சூழலில் இந்தக் கோட்டை யாரும் வரைந்து காட்டுவதில்லை. விருந்தாளியாகப் போகாவிட்டால் கல்லூரியை அவமதித்ததாகும் என்ற நம்மூர் மரியாதைக் கணக்கு வேறு சேர்ந்துகொள்கிறது. அந்த மரியாதை உண்மையானது; அதை நான் கொச்சைப்படுத்தவில்லை. ஆனால் இணைப்பு வழங்கும் அதிகாரம் உள்ளவர் விழாவுக்குப் போகட்டும், பல்கலைக்கழகக் காரில் போகட்டும், தங்கும் செலவைப் பல்கலைக்கழகமே கொடுக்கட்டும். பொதுப்பணத்தில் சில ஆயிரம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை. பயணச் செலவைக் குறைப்பது ஒன்றே நேர்மை என்று நினைக்கும் விதிமுறை இங்கே நம்மைத் தவறான பக்கம் தள்ளுகிறது.

இன்னொரு மிகையும் உண்டு: பயணமே வேண்டாம், எல்லாவற்றையும் காணொலியில் முடித்துவிடலாம் என்பது. கோவிட் காலம் பல கூட்டங்களுக்கு விமானம் தேவையில்லை என்று காட்டியது உண்மை. இரண்டு மணி நேர ஆய்வுக் கூட்டத்துக்காக இரண்டு நாள் பயணம் இனித் தேவையில்லை. ஆனால் தலைநகருக்குத் தொலைவில், நிதி குறைந்த, பெயர் வாங்காத மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அதன் தலைவர் நேரில் போய்ப் பேசுவதால் கிடைப்பவை உண்டு. ஆய்வுத் திட்டம், வெளிநாட்டு ஆய்வகத்தோடு கூட்டுறவு, முன்னாள் மாணவர்களின் நன்கொடை எல்லாம் முகம் பார்த்துப் பேசித்தான் முளைக்கின்றன. பெரிய நிறுவனங்களுக்கு இவை தேடி வரும். சிறியவை தேடிப் போக வேண்டும். பயணத்தை மொத்தமாக வெட்டினால் அடிபடுவது அவைதான். வெளிநாடு போய்க் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் எத்தனை ஒரு மாணவரையாவது அனுப்பி வைத்தன என்ற கணக்கைப் பல்கலைக்கழகங்கள் தாமே எடுத்துப் பார்த்தால், எந்தப் பயணம் விதைத்தது, எது படத்தோடு நின்றது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அந்தப் பணம் வரும் இடம். மாநிலப் பல்கலைக்கழகங்களின் சொந்த வருவாயில் பெரும்பங்கு தேர்வுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும். அரியர் எழுத இரண்டாம் முறை பணம் கட்டும் மாணவர், வீட்டில் கேட்கத் தயங்கி நண்பரிடம் கடன் வாங்கிக் கட்டியிருக்கலாம். அந்தப் பணம் நிதிப் பிரிவில் வேறு பணத்தோடு கலந்து ஒரு டிக்கெட்டாகவும் வெளியே வருகிறது.

அந்த மாணவர் கேட்காமலே அவருக்குக் கணக்குச் சொல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4, பொது அமைப்புகள் தம் செலவு விவரங்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. மத்தியப் பணியாளர் துறை 2013 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவானது. அமைச்சர்கள், இணைச் செயலர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள அலுவலர்கள், துறைத் தலைவர்கள் ஆகியோரின் உள்நாட்டு, வெளிநாட்டு அலுவல் பயணங்களை, சென்ற இடம், உடன் சென்றவர் எண்ணிக்கை, மொத்தச் செலவு ஆகியவற்றோடு காலாண்டுக்கு ஒருமுறை இணையத்தில் போடலாம் என்று அது சொன்னது. பல்கலைக்கழகத் தளங்களில் தகவல் உரிமைப் பக்கத்தைத் திறந்தால் பல இடங்களில் பழைய கையேடுகள்தான் கிடைக்கின்றன. துணைவேந்தர் ஆண்டில் எத்தனை நாள் வெளியூரில் இருந்தார் என்பதை அறிய ஒரு மாணவர் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிதல்ல. துணைவேந்தரின் பயணத் திட்டத்தை முன்கூட்டியே பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பை, பல்கலைக்கழகத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத சிண்டிகேட் (ஆட்சிக்குழு) உறுப்பினர் ஒருவரிடம் கொடுக்கலாம். போய் வந்ததும் யாரைச் சந்தித்தார், என்ன முடிவானது, செலவை யார் கொடுத்தது என்று ஒரு பக்க அறிக்கை. இணைப்புக் கல்லூரி கொடுத்த காரும் அறையும் அதில் இடம்பெற வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அந்த அறிக்கைகள் தமிழிலேயே இணையத்தில் வர வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. சிண்டிகேட் நிறைவேற்றும் ஒரு தீர்மானமே போதும். அந்தத் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும் அதிகாரம் துணைவேந்தரிடமே இருக்கிறது.