மேற்கோளும் அடிக்குறிப்பும்

சைவ நூல்களை ஆராய்ந்து இக்காலத்தார் எழுதும் கட்டுரைகளின் அடியில் சிறிய எழுத்தில் நிற்கும் குறிப்புக்களைப் படிப்பார் மிகச் சிலரே. அவருள்ளும் ஒருசாரார் அவை மேனாட்டார் வழக்கமென்று ஒதுக்குவர். மற்றொருசாரார் அவை மிகுந்திருத்தலே புலமைக்கு அடையாளமென மயங்குவர். இருதிறத்தார் கொள்கையும் பொருந்தா. பிறர் கூற்றை எடுத்தாள்வோன், அஃது இன்னார் இன்ன நூலுள் இன்ன இடத்துக் கூறியதென்று காட்டுதல், உரையளவையைப் பிரமாணமாகக் கொண்ட சைவசித்தாந்திகளுக்கு ஏனையோரினும் மிக உரிய கடமையாம். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் முன்னிரண்டையும் கற்போன் தானே முயன்று தெளிதல் கூடும். உரையையோ, அஃது இருக்குமிடஞ் சென்று கண்டாலன்றித் தெளிதல் அரிது. இடங்காட்டாத மேற்கோள் வாய்ச்சொல்லளவாய் நின்றுவிடும்.

அற்றேல், பண்டை உரையாசிரியர்கள் நூற்பெயர் சுட்டாது, "என்றார் பிறரும்" என்னும் அளவில் மேற்கோள் காட்டிச் சென்றனரே எனின், அவர்கள் எழுதியது முதனூல்களை நெட்டுருச் செய்திருந்த மாணாக்கர்க்கு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஓரடியைக் கேட்ட அளவிலே அது நிற்கும் நூலும் இடமும் அம்மாணாக்கர் நெஞ்சில் தோன்றும். அவர் நெஞ்சே அடிக்குறிப்பு. அப்பயிற்சி அற்றபின் விளைந்த இடர்ப்பாட்டை மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் வரலாறு நன்கு காட்டும். 1880-இல் கும்பகோணத்துக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தபின் அவர் சீவகசிந்தாமணியை ஆராயப் புகுந்தபோது, நச்சினார்க்கினியர் காட்டும் மேற்கோள்களுட் பல எந்நூலைச் சார்ந்தன என்பது அவர்க்கும் விளங்கவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்து ஏட்டுச் சுவடிகளுள் சங்க நூல்களைக் கண்டெடுத்த பின்னரே அம்மேற்கோள்களின் பிறப்பிடம் தெரியலாயிற்று. சமண காவியமொன்றன் உரை, சைவ மடத்து ஏடுகளாற் பொருள் விளங்கியது இனிய செய்தியன்றோ! 1887-இல் சிந்தாமணியும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பாடபேதங்களையும் ஒப்புமைப் பகுதிகளையும் அடிக்குறிப்பில் இடங்காட்டித் தரும் வழக்கத்தைத் தமிழில் நிலைபெறச் செய்தவை அவர் பதிப்புக்களே. அது கடற்கப்பாலிருந்து வந்த அணிகலனன்று. இடந்தெரியாது தாம் பட்ட துன்பத்தைப் பிறர் படாவண்ணம் ஐயரவர்கள் செய்த உபகாரமாகும்.

இடங்காட்டுதலாற் பெற்ற பேற்றைப் புறத்திரட்டு என்னும் தொகைநூலிற் காணலாம். அதனைத் தொகுத்தோர் செய்யுட்களோடு நூற்பெயரையும் குறித்துவைத்தமையால், முழு நூலும் கிடையாத முத்தொள்ளாயிரத்தின் செய்யுட்கள் நூற்றுக்குமேல் நமக்கு எஞ்சின. நூற்பெயர் பெறாது உரைகளிற் கிடக்கும் செய்யுட்களோ, தாய் தந்தையர் யாரென்றறியாச் சிறார்போல் இன்றும் திகைத்து நிற்கின்றன.

இனி, சைவத் திருமுறைகளை எடுத்தாளுங்கால் நேரும் குற்றங்களை நோக்குதல் வேண்டும். வைப்பாற்றங்கரையிலுள்ள சாத்தூரில் ஒரு மாணாக்கர், தம் ஊருக்கு வடகிழக்கே, அதே விருதுநகர் மாவட்டத்திலுள்ள பாடல்பெற்ற தலமாகிய திருச்சுழியலைக் குறித்து ஆய்வுரை எழுதப் புகுகின்றார் என்று கொள்க. சாத்தூர் பேனா நிப்புச் செய்தற்குப் பெயர்பெற்ற ஊர். அணித்தேயுள்ள சிவகாசியோ அச்சுக்கூடங்கள் மலிந்த ஊர். எழுதுகருவிக்கும் அச்சுக்கும் அங்கே குறைவில்லை. குறை நேர்வது குறிப்பெழுதும் முறையிலே. சுந்தரமூர்த்திசுவாமிகள் திருச்சுழியற் பதிகத்து ஒரு செய்யுளைக் காட்டி, "தேவாரம், ப. 412" என்று அவர் எழுதுவாராயின், அதனாற் படிப்போன் பெறும் பயன் யாது? தேவாரம் பண்முறையிலும் அச்சாகியுள்ளது, தலமுறையிலும் அச்சாகியுள்ளது. பண்முறைப் பதிப்பில் ஏழாந் திருமுறையில் நிற்கும் பதிகம், தலமுறைப் பதிப்பில் பாண்டிநாட்டுத் தலங்களின் வரிசையில் மூவர் பதிகங்களோடு கலந்து நிற்கும். பக்க எண் பதிப்புத்தோறும் மாறும். "ஏழாந் திருமுறை, 82ஆம் பதிகம், இன்ன செய்யுள்" என்று குறிப்பின், எப்பதிப்பைக் கையில் வைத்திருப்போனும் பதிக முதற்குறிப்பகராதியின் துணையால் அவ்விடத்தை எய்துவன்.

அங்ஙனம் எண் குறிப்பினும் ஒரு நுட்பம் உண்டு. திருஞானசம்பந்தசுவாமிகள் பதிகங்களிற் பெரும்பாலும் எட்டாஞ் செய்யுள் இராவணன் செய்தியையும், ஒன்பதாவது மாலயன் தேடியதையும், பத்தாவது சமண சாக்கியரையும் கூறும். சில பதிகங்களில் இடையே ஒரு செய்யுள் சிதைந்து போயிற்று. அவ்விடத்தை வெற்றிடமாக வைத்து எண்ணினால் இராவணன் செய்யுள் எட்டாவதாகும். கிடைத்தவற்றைத் தொடர்ந்து எண்ணினால் அது ஏழாவதாகும். ஆதலின் எண்ணோடு பதிப்பையும் ஒருமுறையேனும் குறித்தல் இன்றியமையாதது. திருமந்திரத்திலோ இவ்வேறுபாடு பெரிது. ஒரு பதிப்பின் செய்யுளெண் மற்றொன்றோடு இயைவதில்லை. பெரியபுராணத்திற்கும் தொகை 4253 என்பாரும் 4286 என்பாரும் உளர். சுந்தரர் சேரமான்பெருமாளோடு பாண்டிநாட்டுத் தலங்களை வழிபட்டுத் திருச்சுழியல் எய்திய வரலாற்றைக் காட்டப் புகுவோர், தொடரெண் ஒன்றனையே நம்பாது, கழறிற்றறிவார் நாயனார் புராணம் என்று புராணப் பெயரையும் சேர்த்தெழுதுதல் நலம்.

1998-இல் தொடங்கிய மதுரைத்திட்டமும், பாண்டிச்சேரிப் பிரஞ்சு நிறுவனம் 2007-இல் வெளியிட்ட மின்வடிவத் தேவாரமும் பக்கமென்பதே இல்லாதவை. பதிக எண்ணும் செய்யுளெண்ணும் கொண்டு குறித்தவர்க்கு அவற்றால் இடர் சிறிதுமில்லை. பக்க எண்ணையே பற்றியவர் அங்கே வழியறியாது நிற்பர்.

நூலடைவு எழுதுமிடத்து நேரும் குழப்பம் இதனினும் நகைப்பிற்கிடமானது. மேனாட்டுக் கையேடுகள் குடிப்பெயரை முன்வைத்து இயற்பெயரைப் பின்வைக்கச் சொல்லும். குடிப்பெயரில்லாத தமிழர்க்கு இவ்விதியை அவ்வாறே ஏற்றினால், சாமிநாதையர் "ஐயர், உ. வே. சா." என்று ஐகாரத்திலும், சிவஞான முனிவர் "முனிவர், சிவஞான" என்று மகரத்திலும் புகுந்து கொள்வர். முனிவரெல்லாரும் ஒரு குடும்பத்தாராகவும், அடிகளெல்லாரும் மற்றொரு குடும்பத்தாராகவும் ஆகிவிடுவர்! அதன்மேலும், மாதவச் சிவஞான யோகிகள், சிவஞான சுவாமிகள், சிவஞான முனிவர் என மூன்றிடத்தில் ஒருவரே மூவராய்த் தோன்றுதலும் உண்டு. சுவாமி வேதாசலமும் மறைமலையடிகளும் ஒருவரே என்பதை அறியாத நூலடைவு அவரை இருவராக்கும். இயற்பெயரை முன்வைத்து, தந்தை பெயர் ஊர்ப்பெயர்களின் முதலெழுத்துக்களைப் பின்வைத்து, மறுபெயர் உண்டாயின் அதனையும் சுட்டுதலே தமிழ்ப் பெயர்க்கு ஏற்ற முறையாம். விதி பெயருக்காக வந்தது. பெயர் விதிக்காக வந்ததன்று.

ஆண்டு குறித்தலிலும் கருத்து வேண்டும். பழைய நூல்களின் முகப்பில் சர்வசித்து, சய என்றாற்போல் அறுபதாண்டு வட்டத்துப் பெயர்களே காணப்படும். சர்வசித்து 1887-இலும் வந்தது; 1947-இலும், 2007-இலும் வந்தது. அன்றியும் அவ்வாண்டு சித்திரையிற் பிறத்தலின், 1887-இற் பிறந்த சர்வசித்துவின் தைத்திங்கள் 1888-இல் விழும். முகப்பிலுள்ள பெயரை உள்ளவாறே எழுதி, ஆங்கில ஆண்டைப் பகரக் குறியுள் தருதலே ஐயம் அகற்றும். ஊர்ப்பெயரும் அங்ஙனமே. முன்னர் விருதுபட்டி எனப்பட்டதே விருதுநகர். சாத்தூரும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. முகப்பில் உள்ள பெயரைத் திருத்துதல் குறிப்பெழுதுவோன் வேலையன்று.

"மேலது" என்னும் குறிப்பு ஒன்றுண்டு. இலத்தீன் மொழியில் இபிட் என்பதன் தமிழ்வடிவம் அது. கையால் எழுதிய காலத்தில் அதனால் தாள் மிச்சமாயிற்று. கணிப்பொறியில் ஒரு பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டும் இக்காலத்திலோ, மேலே நின்ற நூல் வேறாகிவிட, "மேலது" மட்டும் மாறாது நின்று, சேக்கிழார் கூற்றை உமாபதிசிவத்திற்கு ஏற்றிவிடுகின்றது. 1906-இல் முதற்கண் வெளிவந்த சிக்காகோக் கையேடே தன் 17ஆம் பதிப்பில், 2017-இல், நூற்பெயரைச் சுருக்கி மீண்டும் எழுதுதலே சிறந்ததெனக் கொண்டது. தமிழ் ஆய்வேடுகள் அதனை இன்னும் விடாது பற்றியிருத்தல் வியப்பே.

இவையெல்லாம் புறத்தோற்றத்தைப் பற்றிய சிறு செய்திகளென்று கருதுவார்க்குச் சிவஞானசித்தியார் ஒன்றே போதிய விடையாகும். சித்தியார் பரபக்கம் 301 செய்யுட்களும் சுபக்கம் 328 செய்யுட்களும் உடையது. "சித்தியார், 120" என்று மட்டும் குறித்தால், அது பிறர் மதத்தை எடுத்து மொழியும் பரபக்கமோ, தன் கோள் நிறுவும் சுபக்கமோ என்பது விளங்காது. உலகாயதன் கூற்றையோ பௌத்தன் கூற்றையோ அருணந்திசிவாசாரியர் தலையிற் சுமத்துதற்கு இக்குறிப்பு வழிசெய்யும். சுபக்கத்திற்கோ உரை ஆறு உள. அவற்றுள் ஞானப்பிரகாசர் உரை சிவசமவாதத்தைத் தழுவியது. அதனை மறுத்துச் சிவஞான முனிவர் சிவசமவாத உரைமறுப்பு எழுதினார். முத்தியிற் சிவத்திற்கும் ஆன்மாவிற்கும் உள்ள தொடர்பைப் பற்றி "சித்தியார் உரை" கூறுவது இதுவென்று பொதுவாக எழுதுபவர், சித்தாந்தம் விலக்கிய கொள்கையையே சித்தாந்தமென்று நாட்டுபவராவர். ஆய்வேட்டைத் தேர்பவரும் அவ்வேறுபாட்டை நினையாராயின், அப்பிழை அடுத்த ஆய்வேட்டில் மேற்கோளாய் ஏறும்.

ஞானப்பிரகாசர் என்று பெயர் சுட்டிய அளவிலும் ஐயம் முற்றும் தீராது. சித்தியாருக்கு உரைகண்டவர் யாழ்ப்பாணத்தவர். சீவில்லிபுத்தூரிற் பிறந்து தருமபுர ஆதீனத்தை நிறுவிய குருஞானசம்பந்தருக்கு ஞானாசிரியராய் விளங்கிய கமலை ஞானப்பிரகாசர் வேறு. சொற்பிறப்பாராய்ச்சி செய்து 1947-இல் மறைந்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரோ கத்தோலிக்கத் துறவி. எனவே, "சிவஞானசித்தியார், சுபக்கம், சூத்திர எண், செய்யுளெண், யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசர் உரை" என அடிக்குறிப்பு விரிதல் மிகையன்று. பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் நூலடைவில் வரும்.