கொலையாளியைக் காட்டாத கதாசிரியர்

நாம் வாழும் கோவளத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். அக்கடற்கரையில் இரசிகமணி டி.கே.சி.யோடு அமர்ந்திருந்த வேளையில்தான் ‘சிவகாமியின் சபதம்’ தம் உள்ளத்தில் கருக்கொண்டதாகக் கல்கி எழுதியுள்ளார். 1899இல் புத்தமங்கலத்தில் பிறந்து, 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப்படிப்பைத் துறந்து, சிறை சென்று மீண்டவர் அவர். வார இதழுக்காகவே எழுதியதால், ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் ஒரு மர்மத்தைத் தொங்கவிடும் கலை அவருக்குக் கைவந்தது. மரத்தின் பின்னே மறைந்து நின்று பிறர் பேச்சைக் கேட்போர் அவர் கதைகளில் சற்று மிகுதிதான்! ‘பார்த்திபன் கன’வில் வரும் சிவனடியார் யாரென்பதையும் வாசகர் பாதிவழியிலேயே ஊகித்துவிடுவார்.

ஆனால் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ வேறு வகையானது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? ஐந்து பாகங்களைப் படித்து முடித்த பின்னும் ஐயம் தீர்வதில்லை. வந்தியத்தேவன் மீது பழி விழுகிறது. பெரிய பழுவேட்டரையரோ அதைத் தம்மேல் ஏற்கிறார். நந்தினியின் உள்ளத்தை யார் அறிவார்? எம் பங்கு நூலகத்தில் இந்நூலைப் படித்த இளைஞர் ஒருவர், “இவ்வளவு படித்தும் ஏமாந்தோமே, சுவாமி!” என்று குறைபட்டுக்கொண்டார்.

அவர் ஏமாறவில்லை என்பதே நம் கருத்து. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் எனப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்தம் உறவினரின் உடைமைகளும் பறிமுதலாயின. அதுவும் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில். கொலை நடந்து பல்லாண்டுகள் கழிந்த பின்! இடையே ஆண்ட உத்தம சோழர் மீதும் வரலாற்று அறிஞர் சிலர் ஐயம் கொண்டனர். கல்கி இரவிதாசனைச் சதிகாரனாகவே காட்டினார். எனினும் கத்தி எவர் கையில் இருந்தது என்று அறுதியிட மறுத்தார். உத்தம சோழரையோ, கள்ளமற்ற சேந்தன் அமுதனாக்கி, அப்பழியிலிருந்தே விலக்கிவிட்டார். அரசர்மீது இத்துணைப் பரிவு காட்டிய எழுதுகோல், நிலமிழந்த அந்த உறவினரின் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அதுவே நம் மனக்குறை.

பழி சுமத்த ஆள் தேடும் ஆவல் நம் தெருக்களிலும் உண்டு. ஒரு வீட்டில் பொருள் காணாமற் போனால், மாலைக்குள் ஒரு பெயர் ஊரெங்கும் பரவிவிடுகிறது. மறுநாள் பொருள் கிடைத்தாலும் அப்பெயர் கழுவப்படுவதில்லை. அந்த இளைஞரிடம் இதைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், ஐந்தாம் பாகத்தை மீண்டும் கேட்டு வாங்கிச் சென்றார்.