‘வரை’ என்னும் ஈரெழுத்து

சிற்றிலக்கியங்கள் தொண்ணூற்றாறு என்று புலவர் கணக்கிட்டனர். தொண்ணூற்றேழாவதாக ஒன்றை நம் காலம் ஈன்றெடுத்திருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் உள்ள சாணார்பட்டியில், செய்தித்தாளை விரிப்போர் அதனுள்ளே மடித்து வைத்த வண்ணத்தாளைக் காண்பர். கைபேசியைத் திறப்போரும் அதனையே காண்பர். ஆடித் தள்ளுபடி விளம்பரம்! படிப்போர் தொகையைக் கொண்டு பார்த்தால், இன்றைய தமிழில் இதற்கு நிகரான இலக்கியம் ஏது? எனினும் இதனைத் திறனாய்வு செய்யப் புலவர் எவரும் முன்வரக் காணோம். அக்குறையை நாம் சிறிது போக்குவோம்.

பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும், வீதியுலா வரும் தலைவனைக் கண்டு மயங்க வேண்டும் என்பது உலாவின் இலக்கணம். அரசன் போனான், அவன் அமர்ந்திருந்த யானையின் மீது இன்று பட்டுச்சேலை பவனி வருகிறது. மயங்கவேண்டியவர் மட்டும் அதே மகளிர்! பழைய உலாவில் மயங்கியவள் கைவளை நெகிழ நின்றாள். புதிய உலாவில் மயங்கியவள் அவ்வளையை அடகு வைக்கிறாள்.

இவ்விலக்கியத்தின் சொல்நயம் காண்போம். “50 விழுக்காடு வரை தள்ளுபடி.” ஐம்பது என்ற எண் யானை அளவு, ‘வரை’ என்ற சொல்லோ எறும்பளவு. கடையிலுள்ள ஆயிரம் துணிகளில் ஒன்றே ஒன்றுக்கு ஐம்பது குறைத்து, எஞ்சியவற்றுக்கு ஐந்து குறைத்தாலும் இந்த வாக்கியம் பொய்யாகாது. 1,200 என்று எழுதி, அதனை அடித்து, 600 என்று கீழே எழுதுகிறார்கள். 600 மிச்சம் என்கிறது விளம்பரம். 600 செலவு என்கிறது சுருக்குப்பை. வாங்காதிருந்தால் 1,200-ம் மிச்சமாயிற்றே என்று ஒரு பெண்மணி கேட்பாளாயின், அவளே நாம் அறிந்த திறனாய்வாளருள் தலைசிறந்தவள்!

இந்த இலக்கியத்துக்கு ஆடி ஏன் அரங்கேற்ற மாதமாயிற்று? ஆடியில் மணம் கூடாது, கூடினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது குடிக்கு ஆகாது என்ற மூடநம்பிக்கையே காரணம். மணமில்லாத மாதத்தில் துணிக்கடை தூங்கிற்று. வணிகன் என்ன செய்தான்? மூடநம்பிக்கையை எதிர்த்தானா? அதனைத் தன் கடைக்கு விற்பனையாளனாக அமர்த்திக்கொண்டான்! ஆகாத மாதத்தில் தேங்கும் சரக்கு ஆடியில் தீர்கிறது. ஆகும் மாதங்களில் புதிய சரக்கு முழு விலைக்குப் போகிறது.

ஆனால் ஆடிக்கு உழவன் வைத்த பெயர் வேறு. ஆடிப்பட்டம் தேடி விதை என்றான் அவன். சாணார்பட்டி வட்டாரத்து மானாவாரிக் காட்டில் விதைக்கும் ஏருக்கும் ரொக்கம் வேண்டிய மாதம் எதுவோ, அதே மாதத்தில்தான் தள்ளுபடித் தாள் வீட்டுக்குள் நுழைகிறது. சேலைக்குப் போன காசு விதைக்குத் திரும்பி வராது. அந்த இடத்தில் வட்டிக்காரன் வருகிறான்.

அட்சய திருதியை என்ற பெயரை நம் பாட்டிமார் எத்தனை பேர் அறிந்திருந்தனர்? அன்று நகை வாங்கினால் செல்வம் பெருகும் என்ற புராணத்தைக் கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் தமிழ்நாடெங்கும் பரப்பியவை கோயில்கள் அல்ல, நகைக்கடை விளம்பரங்கள். 2025 ஏப்ரல் 30 அன்று அத்திருநாள் வந்தது. ஒரு கிராம் தங்கம் 9,000 ரூபாயை ஒட்டி விற்றது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் அவ்வாண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். குறையின்றிக் கிடைத்தாலும், ஏறக்குறைய 27 நாள் மண் சுமந்தால் ஒரு கிராம்! அதற்கு மேல் செய்கூலி, சேதாரம், 3 விழுக்காடு வரி.

தங்கம் ஏழையின் வங்கியன்றோ என்பார் உளர். உண்மைதான், மருத்துவமனைக்கு ஓடும் இரவில் கைகொடுப்பது கம்மல்தான். ஆனால் அடகு பிடிப்பவன் தங்கத்தை மட்டுமே நிறுக்கிறான். செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் அவன் ஒரு காசும் தருவதில்லை. சேமிப்புக்காக வாங்குபவள் வேலைப்பாடு குறைந்ததை, கூட்டமில்லாத நாளில், பொறுமையாக வாங்கலாமே! மூன்றாண்டு உழைத்தால் முடிவில் மொத்தத்தொகை, அது மணச்செலவுக்கு ஆகும் என்று சொல்லிச் சிற்றூர்ப் பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்த ‘சுமங்கலித் திட்டம்’ திண்டுக்கல் வட்டாரத்தையும் விட்டுவைக்கவில்லை. ஓர் இளம்பெண்ணின் மூன்றாண்டு, கல்யாண நகையாகி ஒரே பிற்பகலில் முடிந்துபோவதற்கு இந்தப் புராணமும் துணை நிற்கிறது.

“வட்டியில்லாத் தவணை” என்பது இவ்விலக்கியத்தின் உயர்வு நவிற்சி. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை, அது வேறு கட்டணமாக மறைந்திருக்கிறது என்பதைச் சுட்டி, 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளைக் கண்டித்தது. நாம் சொன்னால் நாத்திகப் பேச்சு என்பர். ரிசர்வ் வங்கி நாத்திகக் கழகமன்று!

மற்றொரு கூட்டத்தாரையும் விட்டுவிடக் கூடாது. ஏழைக்குச் சிக்கனம் போதிக்கும் செல்வர்கள். வருவாய் சிறிதாயினும் செலவு விரியாவிடில் கேடில்லை என்ற வள்ளுவர் கருத்தை இவர்கள் கூலிக்காரனிடம் ஓதுவர். வள்ளுவர் அதனை வைத்த அதிகாரம் வலியறிதல். பொருட்பாலில், ஆள்வோனுக்குச் சொல்லியது. வரவு சுருங்கியவனைக் குறைகூறும் முன், அவன் கூலி ஏன் சுருங்கிற்று என்று கேட்பதே முறை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சியில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயைக் கண்டு, பெண்கள் வீண்செலவு செய்வர் என்று ஏளனம் பேசினர் சிலர். வீண்செலவுக்கு அழைக்கும் பலகையைச் சாலையெங்கும் நட்டவர் யார் என்பதை அவர்கள் பேசியதில்லை.

ஆகவே, படிப்பகம் நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு வேலை. இவ்வாண்டு ஆடி பிறந்ததும் ஒரு தள்ளுபடித் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். ‘வரை’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அருகில் வெள்ளைத்தாளில், அந்தப் பொருள் சித்திரையில் விற்ற விலை, அதற்கு ஈடான கூலி நாட்கள், தவணையில் வாங்கினால் இறுதியில் கட்டும் தொகை ஆகியவற்றை எழுதி வையுங்கள். எழுத்தறியாத தாய்மாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். திண்டுக்கல் பேருந்து வரும்வரை அவர்களுக்கு நேரமிருக்கும்.