வீடும் நாடும்: சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகள்

ஓர் ஊரின் பண்பாடு அவ்வூர் மண்ணில் மட்டும் விளைவதன்று. கடல் கடந்த சந்தைகளும் அதனை உருவாக்கவல்லன. தலவாக்கலை இதற்குத் தக்க சான்றாகும். 1869 ஆம் ஆண்டு முதல் கோப்பிப் பயிரை இலைநோய் பற்றவே, மலைச்சரிவுகள் படிப்படியாகத் தேயிலைக்கு மாறின. உலகோர் பருகும் பானத்தின் பொருட்டுத் தமிழகத்து ஏழை மக்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். அவர்தம் பேச்சில் 'லயம்', 'பெரட்டு' என ஆங்கிலச் சொற்கள் தமிழுருப் பெற்றன. கங்காணி என்னும் தமிழ்ச்சொல்லோ துரைமாரின் ஆங்கிலத்தில் இடம்பெற்றது.

இச்சூழலில், 1914 இல் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவர் சார்ந்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோரென வகுத்தது. மனிதர் தொகைகளாக எண்ணப்பட்ட காலத்தில், அவர்களை மனிதராகக் காட்டும் பொறுப்பு எழுத்தாளனைச் சார்ந்தது.

தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய நெடும்பாடலை அவர் ஆங்கிலத்தில் இயற்றியமை கருதத்தக்கது. கொழுந்தின் நிறையைக் கணக்கிட்ட அம்மொழியையே, தேயிலையடியில் நினைவுச்சின்னமின்றி மறைந்தோர்க்கு இரங்கும் மொழியாக அவர் ஆக்கினார். ஆயினும் அதில் தொழிலாளர் ஒருமித்த துயரவுருவாகத் தோன்றுமளவிற்குத் தனிமனிதராகத் தோன்றுவதில்லை. இக்குறையை, உழைக்கப் பிறந்தவர் எனப் பொருள்படும் அவரது 1970 ஆம் ஆண்டு ஆங்கில நூலின் சித்திரங்கள் பெரிதும் நிறைவு செய்கின்றன.

அவர் தொகுத்த மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தமிழகத்து மரபின் எச்சமென்று மட்டும் கொள்வார் உளர். மெட்டுத் தமிழகத்ததாயினும், கங்காணியும் கொழுந்தும் பாடுபொருளான இடத்து அப்பாடல் இம்மலைக்கே உரியதாகின்றது. வேர் ஓரிடத்தும் விளைவு ஈரிடத்தும் இருத்தல் இழிவன்று. அதுவே இம்மக்களின் அடையாளம்.

'வீடற்றவன்', 'நாடற்றவர் கதை' என்பன அவருடைய இரு நூல்களின் பெயர்கள். 2003 ஆம் ஆண்டின் சட்டம் நாடின்மைக்குப் பெரும்பாலும் முடிவு கட்டியது. எனினும் பல குடும்பங்கள் தமக்கென நிலவுரிமையின்றி இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன. ஆதலின் முதற்பெயர் இன்னும் பழங்கதையாகவில்லை.