சுவரில் இல்லாத பெயர்

போலந்தின் ஜமோஷ்ச் நகரை 1580இல் நிறுவிய யான் சமோய்ஸ்கி, இன்றும் அங்கே குதிரைமீது சிலையாக நிற்கிறார். பண்ணையடிமைகளின் உழைப்பில் கொழித்த பெருநிலப்பிரபு அவர். அதற்காக யாரும் அவரைக் கீழே இறக்கிவிடவில்லை.

அதே ஊரில் 1871இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ரோசா லக்சம்பர்க். அவர் நினைவாக ஒரு வீட்டுச் சுவரில் இருந்த பலகையை 2018இல் அகற்றினார்கள். கம்யூனிசத்தைப் போற்றும் பொதுச் சின்னங்களைத் தடைசெய்யும் சட்டத்தைக் காரணம் காட்டினார்கள்.

போலந்து தனிநாடாவதை ரோசா ஆதரிக்கவில்லை. அந்த மண்ணுக்கு அவர்மீதுள்ள கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 1918இல் ஜெர்மன் சிறையில் இருந்தபடியே, பத்திரிகைச் சுதந்திரத்தையும் கூட்டம் கூடும் உரிமையையும் நசுக்கியதற்காக லெனின் கட்சியைக் கண்டித்து எழுதியவரும் அவர்தான். அடுத்த ஆண்டே பெர்லினில் கொல்லப்பட்டார். அவரைக் கொடுங்கோலர்களின் வரிசையில் நிறுத்த, அவர் எழுதியதைப் படிக்காமல் இருந்தால் போதும்.

அந்தச் சட்டத்தால் ஆண்களின் பெயர்களும் அகன்றன, உண்மைதான். நான் கேட்பது வேறு. பிரபுவுக்கு நன்மை தீமையைக் கூட்டிக் கழித்து மிச்சத்தைப் போற்றும் ஊர், ரோசாவுக்கு மட்டும் ஏன் கணக்கையே மூடிவிட்டது? அவரோடு நாம் உடன்பட வேண்டியதில்லை. வாதிடுவதற்காவது அவர் பெயர் அந்தச் சுவரில் இருந்திருக்க வேண்டும்.