சைட்டோகைன் வெறும் வில்லனா?

கொரோனா காலத்துல 'சைட்டோகைன் புயல்' எங்க ஜெயங்கொண்டம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது, வில்லன் வேஷத்தில். அதற்கப்புறம் நான் படித்த எளிய விளக்கங்களில் எல்லாம் கொலையாளி டி செல் ஒரு சிப்பாய், எதிரியைப் பார்த்ததும் சுடும். சைட்டோகைன் என்றால் ஆபத்து. இந்த உவமைதான் உறுத்துகிறது.

பார்த்ததும் சுடாதுங்க. முதலில் டென்ட்ரைட்டிக் செல் கிருமியின் துண்டை ஏந்திக் காட்டணும். கூடவே சிடி28 வழியாக இரண்டாவது சைகை வரணும். மூன்றாவதாக இன்டர்லூகின்-12 அல்லது முதல் வகை இன்டர்ஃபெரான் வராவிட்டால் செல் பெருகும், ஆனா கொல்லும் திறன் ஒழுங்காக வராது. நம்ம பாஷையில், கம்பைல் ஆகும், வேலை செய்யாது. நன்றாகப் பெருகவே இன்டர்லூகின்-2 வேணும். 1976இல் அது 'டி செல் வளர்ச்சிக் காரணி'யாகத்தான் அறிமுகமானது. இவையெல்லாம் சைட்டோகைன்தான்.

2023 அக்டோபரில் நெக்ஸ்கார்19க்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கியது. நோயாளியின் டி செல்லை எடுத்து, மரபணு மாற்றி, திருப்பி ஏற்றும் ரத்தப் புற்றுநோய் சிகிச்சை. நான் பார்த்த செய்திகளில் சைட்டோகைன் 'பக்க விளைவு' பத்தியில் மட்டும் எட்டிப் பார்த்தது. இந்த மாதிரி செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பதே சைட்டோகைன் ஊற்றித்தான்! உடம்புக்குள் அவை புற்றுச் செல்லைத் தாக்கும்போது மேக்ரோஃபேஜும் சேர்ந்துகொண்டு இன்டர்லூகின்-6ஐக் கொட்டும்; காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். அதற்குத் தரும் டோசிலிசுமாப் இன்டர்லூகின்-6இன் ஏற்பியை மட்டும் அடைக்கும். மற்ற சைட்டோகைன்களை விட்டுவிடும், டி செல் வேலையைத் தொடரணுமே.